உயிர்க்குறையும் தவணைக்குறையும்: அப்பா பார்த்த வேலை

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர் அவரை முதியவராகத்தான் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால், தண்ணீர் குடிப்பதற்கு முன் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டிருப்பார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மூத்த மகளாகிய நான் எழுதவேண்டும் என்று தம்பிகள் கேட்டுக்கொண்டார்கள். அம்மாவும் அத்தையும் சொல்லக் கேட்டதையும், அப்பாவே எப்போதாவது வாய் திறந்ததையும் வைத்து எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது தாப்பா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். தம் ஒரே தங்கையை, எங்கள் அத்தையை, தோளில் சுமந்து வளர்த்தவர். ஈப்போவில் ஒரு சீனக் குத்தகையாளரிடம் வயரிங் வேலை பழகி, ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சாலை கட்டியபோது, அத்தையையும் கூட்டிக்கொண்டு வயர்மேனாக மலையேறினார். ஓடைத் தண்ணீரில் சுழலும் டர்பைன்தான் அங்கே மின்சாரம் கொடுத்தது. தொழிற்சாலைக்கு ஒரு லைன், மேட்டிலிருந்த துரை பங்களாவுக்கு ஒரு லைன். தொழிலாளர் குடியிருந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

தோட்டத்து மின்சாரத்தைச் சோதித்துப் பார்ப்பது அப்பாவின் பொறுப்பு. கண்ட குறைகளை அவர் மூன்றாகப் பிரிப்பார். தொட்டால் ஆளைக் கொல்லக்கூடியது உயிர்க்குறை. அதைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்தாமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். இன்று தாங்கும், ஆனால் ஈரமோ வெயிலோ பட்டால் கெடும் என்பது தவணைக்குறை. சட்டப்படி சரியில்லை, ஆனால் யாருக்கும் கேடில்லை என்பது வெறும் குறை. ஒன்றை இன்னொன்றாகச் சொல்லக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். எல்லாவற்றையும் ஆபத்து என்று கத்தினால் நிஜமான ஆபத்தை யாரும் மதிக்கமாட்டார்கள் என்பார்.

ஜப்பான் காலம் வந்தது. துரை மலையிறங்கிப் போனார். பட்டாளத்து லோரிகள் வந்து ஸ்டோரில் இருந்த தாமிரக் கம்பியை எல்லாம் அள்ளிச் சென்றன. தொழிற்சாலையின் எர்த் கம்பியைக்கூட மண்ணிலிருந்து பிடுங்கிப் போனார்கள். பங்களாவில் ஒரு ஜப்பானிய அதிகாரி குடியேறினார். தேயிலை நிற்காமல் கீழே போகவேண்டும், தொழிற்சாலை நின்றால் வேலையில்லாத ஆட்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்படி ஏற்றிப் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

ஆண்கள் பலரைச் சாப்பாட்டுக்குக் கிழங்கு பயிரிடும் காட்டுக்கு அனுப்பிவிட்டதால், கொழுந்தை உருட்டும் மெஷினில் பெண்கள் நின்றார்கள். அத்தையும் அதில் ஒருத்தி. ஒரு காலை, ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று மெஷினைத் தொட்டவர் தூக்கி எறியப்பட்டார். பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை மாதக்கணக்கில் மரத்துக் கிடந்தது.

அப்பா மோட்டாரைச் சோதித்தார். உள்ளே கம்பிச் சுற்று பழுதாகி, மோட்டாரின் உடம்பெல்லாம் மின்சாரம் கசிந்தது. எர்த் இருந்திருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். சந்தேகமில்லாத உயிர்க்குறை. மோட்டாரை நிறுத்தினால் சயாம். ஓடவிட்டால் இன்னொரு பெண். ஓடைக்கரை ஈர மண்வரை எர்த் இழுக்க நல்ல நீளத்துக்குத் தாமிரம் வேண்டும். அது மிஞ்சியிருந்தது ஓர் இடத்தில்தான்: பங்களாவுக்குப் போகும் லைனில்.

பங்களாக் கூரைக்குள் இருந்த வயர்களையும் அப்பா பார்த்திருந்தார். ரப்பர் உறை வெடித்திருந்தது. ஆனால் கூரை ஒழுகாதவரை ஒன்றும் ஆகாது. தவணைக்குறை.

தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியை நாங்கள் மாமா என்றே அழைத்து வளர்ந்தோம். அதிகாரியிடம் பேச அவர்தான் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்தார். அவர் அப்பாவிடம், பங்களாவும் உயிர்க்குறை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவரே லைனை அறுக்கச் சொல்லிவிடுவார் என்றார். அப்பா மறுத்துவிட்டார். உண்மையைச் சொல்லியே கம்பியைக் கேட்பதாகச் சொன்னார். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒங்க தங்கச்சி கை வெளங்காம கெடக்கா. நீங்க ஜப்பான்காரனுக்கு நாயம் பாக்குறீங்களா?"

கம்பி கிடைக்கும்வரை மோட்டாரை ஓட்டக்கூடாது என்று அப்பா பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாமாவுடன் பங்களாவுக்கு ஏறினார்.

மாமா மொழிபெயர்க்க, அப்பா நடந்ததை நடந்தபடி சொன்னார். அதிகாரி இருட்டில் இருக்கச் சம்மதிக்கவில்லை. பங்களா வயர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பழுது என்றதும், காட்டு என்று தாமே ஏணியில் ஏறினார். அப்பா ஒரு வயரை லேசாக வளைத்தார். ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இது ஆளைக் கொல்லுமா என்று அதிகாரி கேட்டார்.

அப்பா சொன்னது இது: "இன்னிக்குக் கொல்லாது. கூரை ஒழுகி நனைஞ்சா கொல்லும்."

மாமா தலைகுனிந்து ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். தாம் சொன்னது நீளமாக இருக்க, அவர் சொன்னது மிகச் சிறியதாக இருந்ததை அப்பா கவனித்தார். அதிகாரி ஏணியிலிருந்து இறங்கி, இத்தனை நாள் தம்மை இதன் கீழே படுக்க விட்டதற்காக அப்பாவைக் கன்னத்தில் அறைந்தார். லைனை உடனே அறுக்கச் சொன்னார். கம்பியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றார்.

சரிவில் இறங்கும்போது அப்பா கேட்டார். மாமா மறைக்கவில்லை. 'கொல்லும்' என்று மட்டும் சொன்னதாக ஒப்புக்கொண்டார். அந்த அதிகாரிக்குத் தமிழ் ஓரளவாவது புரிந்திருந்தால், அல்லது வேறொருவர் வந்து கூரையைப் பார்த்திருந்தால், மாமாவின் தலை போயிருக்கும்.

"நான் சொன்னத நீங்க ஏன் மாத்துனீங்க?"

"மாத்தல லா. பாதிய விட்டுட்டேன். ஒங்க வாய்லேருந்து பொய் வரல. போதுமா?"

அப்பா அன்றே கம்பியை இறக்கி, ஓடைக்கரையில் மண்ணைத் தோண்டிப் புதைத்து, மோட்டாருடன் இணைத்தார். ஈரத்தரையில் தாமே வெறுங்காலோடு நின்று மெஷினைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பெண்களை வரச்சொன்னார். ஆனால் மாமாவுடன் பல நாள் பேசவில்லை. வேலையில் தம் சொல்லை ஒருவர் திருத்தியது அவருக்கு அறை வாங்கியதைவிட வலித்தது என்று அம்மா சொல்வார்.

தொழிற்சாலை ஓடியதால் எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பிறகு ஒருமுறை பட்டாளத்தார் வந்து, கிழங்குக் காட்டில் நின்றவர்களில் சிலரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் எவரும் திரும்பவில்லை. தொழிற்சாலையில் இருந்தவர்களைத் தொடவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று அப்பா தாமாகவே மாமா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். இருவரும் அன்று என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதன்பின் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே கதவே இல்லாமல் போனது.

போர் முடிந்து புதிய துரை வந்தார். அப்பா ஓய்வு பெறும்வரை அதே தோட்டத்தில் இருந்தார். எங்களைப் படிக்கவைத்தார், அத்தையின் பிள்ளைகளையும் சேர்த்து. ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டதற்காகத் தவிர எங்களை அடித்ததில்லை. பெரியவளான பிறகு ஒருநாள், மாமா அன்று செய்தது சரியா தவறா என்று கேட்டேன். அப்பா சொன்னார்: "தப்புதான். அவரு அதச் செய்யாம இருந்திருந்தா, நான் சொன்ன உண்மைக்கு யாராச்சும் செத்திருப்பாங்க. ரெண்டையும் வச்சுக்கிட்டுத்தான் இத்தன வருசம் தூங்குறேன்."

கடைசி மாதங்களில் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவரை ஏற்றி இறக்கிய திரிங்காப் ஊர்க் காய்கறி லோரிக்காரத் தம்பிக்கும், எங்களுக்கு வேளை தவறாமல் சோறு அனுப்பிய சாப்பாட்டுக்கடை பாய் வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த தாதிமார்களுக்கும், இறுதிச் சடங்கில் மழையில் நின்று தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் கைகூப்பு.

கிராணி மாமா, இந்தக் கட்டுரையை உங்களுக்கு யாரேனும் வாசித்துக் காட்டுவார்கள். தானா ராத்தாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். கடைசி நாள் மாலை அப்பா கண் திறந்து, பஸ் போய்விடும், வீட்டுக்குக் கிளம்புங்கள் என்றார். சரி என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பஸ் போனது. அப்பா போகும்போது அவர் கை உங்கள் கைக்குள் இருந்தது.