வண்ணாத்தியிடம் சொன்னது

என் முதல் பிரசவம் மூன்று நாள் இழுத்தது. அம்மா இல்லாத பெண் நான். அதனால் உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் இருந்த மாமியார் வீட்டிலேயே பிரசவம். மூன்றாம் நாள் பிள்ளை உயிரில்லாமல் வந்தது. அழுது தீரும் முன்பே இன்னொன்று தொடங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பாயில் கிடந்தபோது சூடாக ஏதோ தொடைவழியே ஓடியது. ரத்தம் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். மூத்திரம். அடக்கிப் பார்த்தேன். அடக்க அங்கே ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. அன்றிலிருந்து அது நிற்கவேயில்லை.

பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். நனைந்த துணிகளைக் கொல்லையில் வாழைகளுக்குப் பின்னால் நானே அலசிக் காயப்போட்டேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். எரிச்சலும் நாற்றமும்தான் கூடின. எங்களுடையது பூஜையும் ஆசாரமும் உள்ள சைவ வீடு. தெரிந்தால் அடுக்களைக்குள் விடமாட்டார்கள். கணவர் நெய்யாற்றின்கரைத் தாலூகா கச்சேரியில் குமாஸ்தா. அவருக்கு இன்னொரு பெண் பார்ப்பார்கள். நான் எங்கே போவேன்?

மூன்றாம் மாதம் அதியன்னூரில் ஒரு உறவுக்காரர் வீட்டில் பிள்ளைக்குப் பெயரிட்டார்கள். புதுப் பாயில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எழும்பச் சொன்னபோது கீழே ஈரம் பரவியிருந்தது தெரிந்தது. பக்கத்தில் இருந்த செம்புத் தண்ணீரை எடுத்துக் குடிப்பதுபோல் மடியில் கவிழ்த்துக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் மாமியார் மூக்கைச் சுளித்தார்.

"எட்டீ, உனக்க மேல என்ன நாத்தம்?"

"வேர்வை, மாமி" என்றேன். அவர் நம்பவில்லை.

கண்டுபிடித்தது எங்கள் வண்ணாத்திதான். தீட்டுத் துணியை வாங்கிக்கொண்டு மாற்றுத் துணி தருகிறவள் அவள். ஒருநாள் காலையில் வாழை மூட்டில் என்னை நிறுத்திவிட்டாள்.

"கொச்சம்மா, மாத்து கேக்காம இருக்கியளே. தனியா இருந்து எத்தனை துணியாக்கும் அலசுதீங்க?"

காலடியில் சொட்டியது. அவள் குனிந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தித் தைரியம் சொன்னாள்.

"பேடிக்காண்டாம். எனக்க மவளுக்கும் இதே தான். உள்ள ஒரு ஓட்டை. தெக்கே மிஷன் ஆசுபத்திரியில மதாம்மா தச்சு அடைச்சா. இப்போ அவ ஆத்துல இறங்கித் துணி அடிக்கா."

ஓட்டை. அந்தச் சொல் பயமுறுத்தியது. ஆனால் எனக்கு வந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, வேறொருத்திக்கும் வந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. முதல்முறையாக வாய்விட்டு எல்லாம் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"மொதலாளிகிட்ட சொல்லுங்க" என்றாள். என் கணவரை அப்படித்தான் சொல்வாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டில் இருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். போய்விடச் சொல்லப்போகிறார் என்று காத்து நின்றேன்.

"நீ தள்ளித் தள்ளிப் போனப்போ, என்னைப் பிடிக்கல்லேண்ணு நினைச்சேன்" என்றார். பிறகு, "எப்போ போணும்?" என்று கேட்டார்.

மாமியார் கத்தினார். கிறிஸ்தவ வேதக்காரர் ஆசுபத்திரி, வெள்ளைக்காரி தொடுவாள், திரும்பி வந்தால் தலைமுழுக வேண்டும் என்றார். கணவர் வண்டி கட்டச் சொன்னார். பாறசாலை தாண்டித் தெற்கே போகும் வழியெல்லாம் வண்டி குலுங்க, எனக்குக் கீழே வைக்கோல் நனைந்துகொண்டே வந்தது. கத்தி, மயக்கமருந்து, மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சு எல்லாம் சேர்ந்து பற்கள் கிட்டின.

டாக்டர் மதாம்மா சோதித்தார். நீல நிறத் தண்ணீரைக் குழாய்வழியே உள்ளே விட்டார். அது வெளியே வந்த இடத்தைப் பார்த்து ஓட்டை எங்கே என்று கண்டுகொண்டார். புத்தகத் தமிழில் பேசினார்.

"அம்மா, இது உன் குற்றம் அல்ல. பிள்ளையின் தலை மூன்று நாள் ஒரே இடத்தை அழுத்தியது. அந்த இடம் செத்துப்போயிற்று. நான் தைப்பேன். ஒரு தடவையில் மூடலாம், மூடாமலும் போகலாம். முதலில் நிறையத் தண்ணீர் குடி."

மூடவில்லை. தைத்தபின் மூத்திரக் குழாயோடு பன்னிரண்டு நாள் மல்லாந்து கிடந்தேன். குழாயை எடுத்த மறுநாளே படுக்கை நனைந்தது. அன்றைக்கு இருந்த பயம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. சாகிற வரைக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன். கணவர் பார்க்க வந்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மூணு மாசம் கழிச்சு மறுபடி தைப்பாங்களாம். கேட்டுட்டேன்" என்றார்.

இரண்டாம் தடவை குழாயை எடுத்தபோது எழும்பி நிற்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நர்சம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். நின்றேன். தரை உலர்ந்திருந்தது. ஓரடி வைத்தேன். அப்போதும் உலர்ந்தே இருந்தது. சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது.

இருமினால் இன்றும் ஒரு துளி வரும். அது பரவாயில்லை என்று டாக்டர் சொன்னார். அடுத்த பிரசவத்துக்கு வலி தொடங்கும்வரை வீட்டில் காத்திருக்காதே என்றும் சொல்லியனுப்பினார். இரண்டு வருஷம் கழித்து எட்டாம் மாதத்திலேயே போய் அங்கே படுத்துக்கொண்டேன். துணைக்கு வந்தது மாமியார். வலி வந்தபோது என்னைவிட அவர்தான் அதிகம் நடுங்கினார். மகள் உயிரோடு அழுதுகொண்டு வந்தாள்.

"உனக்கு எப்படி இருக்கு மக்கா?" என்று எட்டாம் நாள் மாமியார் காதோரம் கேட்டார்.

கீழே தொட்டுப் பார்த்தேன். மூத்திரம் ஒழுகவில்லை. ஒன்றுமில்லை மாமி என்றேன்.