டியூரபிள்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பரண்மேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே நைனாவின் சேஃப்டி ஷூ. அவர் வேலை செய்த கம்பெனியில் நிரந்தர ஆட்களுக்கு வருடா வருடம் ஷூ கொடுப்பார்கள். நைனாவைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரே தடவைதான். அதனால் அவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் மட்டும் மாட்டிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் இரும்புத் தகடு தூக்குவதெல்லாம் ரப்பர் செருப்போடுதான்.

நான் ஏழாவது படித்தபோது, வீட்டில் கண்ணில் படும் ஓர் இங்கிலீஷ் சொல்லுக்குப் பொருளும் பிறப்பும் எழுதி வரச் சொன்னார் டீச்சர். ஷூ பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘டியூரபிள்’ என்றிருந்தது. பள்ளி அகராதியைப் புரட்டினேன். நீடித்து உழைப்பது, கெட்டிப்படுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அன்றோடு நான் மேதாவி ஆகிவிட்டேன்.

“இன்னாம்மா போட்டுக்கீது அதுல?” என்று கேட்டார் நைனா.

“ரொம்ப நாளு உழைக்குமாம் நைனா. பாத்து வச்சுக்கினா உன் ஆயுசுக்கும் வரும்.”

ஆயுசு அகராதியில் இல்லை, நானாகச் சேர்த்தது. இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு கூசுகிறது. நைனா அதை அப்படியே நம்பினார். பெட்டிக்கு மேல் ஒரு பாலிதீன் உறையும் ஏறியது.

சில மாதங்களில் தகடு சரிந்து அவருடைய வலது காலில் விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பாதிப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். இனிச் சுமை தூக்க முடியாது. தவறு நைனாமேல் இல்லை என்று கம்பெனி ஒத்துக்கொண்டால் கேட்டில் உட்காரும் வேலையாவது கிடைக்கும் என்று அம்மா எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

விசாரிக்க ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார்.

“ஷூ குடுத்தோமே, ஏன்யா போடல?”

நைனா பாயில் படுத்தபடியே சொன்னார்: “அது அப்பவே பிஞ்சி பூட்ச்சு சார். புச்சு கேட்டேன், குடுக்கல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். பாலிதீனைப் பிரித்து, ஷூவை அதிகாரியின் முன்னால் வைத்தேன்.

“பிய்யல சார். பாருங்க, ஒரு கீறல்கூட இல்ல. அவ்ளோ பத்திரமா வச்சிக்கிறாரு.”

அதிகாரி செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். என்னைக் கெட்டிக்காரப் பெண் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட் வேலை பிறகு வரவேயில்லை. அதிகாரி படியிறங்கியதும் நைனா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. பொய் சொல்லிவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்.