வெள்ளிக்கிழமைக் குரக்கன் கொத்து

என் கணவருக்குச் சீனி வியாதி. கால் விரலில் உள்ள புண் ஆறாவிட்டால் விரலையே எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அது ஆற வேண்டித்தான் வெள்ளிதோறும் அம்மனுக்கு விரதம் இருக்கிறேன்.

பாவம், கடைக் கொத்து ரொட்டிக்கு ஏங்குகிறாரே என்று இன்று குரக்கன் என்னும் கேழ்வரகு ரொட்டியில், எண்ணெய் குறைத்து, லீக்ஸும் கரட்டும் போட்டுச் செய்ய நினைத்தேன். ரொட்டி உதிராமல் வெட்டுவது எப்படி என்று கேட்க உக்குவளைச் சந்தியில் உள்ள கொத்துக் கடைக்குப் போனேன்.

"நல்லா ஆறவிட்டு வெட்டுங்க தங்கச்சி" என்ற கடைக்கார நானா, சிரித்துக்கொண்டே கேட்டார்: "வீட்டுலயும் கொத்தா? அண்ணன் வெள்ளிக்கிழமை தவறாம இங்க வந்து கோழிக் கொத்து சாப்பிடுறாரே! அன்னிக்கு வீட்டுல மரக்கறிதானாமே?"

"இன்னிக்குமா?"

"இப்பதான் எந்திரிச்சுப் போறாரு."

வீட்டுக்கு வந்து, ஆறவிட்டு, வெட்டி, கொத்தி, தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

இரண்டு வாய் சாப்பிட்டார். "பசியே இல்ல புள்ள. காலையில இருந்து பட்டினி கிடக்குற, நீயே சாப்பிடு."

சாப்பிட்டேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

விரதத்தை விட்டால் அவர் கடைக்குப் போகமாட்டார். விடாவிட்டால் விரல் போகும். அம்மனிடம் இதை எப்படிச் சொல்வது? யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.