கண்ணுக்குள் வெள்ளைக் குச்சி

திங்கட்கிழமை காலை முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்த உடையப்பன், தன் வலது கண்ணின் கருவிழியில் ஒரு வெள்ளைக் குச்சி கிடப்பதைக் கண்டார். அரிசி நீளம், ஊசியின் தடிமன். துண்டின் நுனியால் துடைத்தார். அது நகரவில்லை. மறுபடி துடைத்தபோதுதான் புரிந்தது. குச்சி கண்ணுக்கு உள்ளே இருந்தது.

அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கண்தான். இடது கண் நான்கு வருடங்களுக்கு முன் சர்க்கரை நோயால் ஒரே நாளில் போய்விட்டது. வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"கண்ணாடி முன்னால இவ்ளோ நேரமா? பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி முத்தம்மா கேட்டார்.

"ஒன்னும் இல்ல. நேத்து கோயில்ல உருண்டப்ப திருநீறு பட்டிருச்சு."

சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

உடையப்பனுக்கு அறுபத்தொரு வயது. ஈப்போவுக்குப் பக்கத்தில் மெங்லெம்புவில் ஒரு டயர் கடையில் கார் சக்கரங்களை நேர்படுத்துவது அவர் வேலை. போன வருடம் அந்த இயந்திரத்தின் திரையில் தெரியும் நேர்கோடுகள்தான் அவர் கண்ணுக்கு முதலில் வளைந்தன. இயந்திரம் கோணிவிட்டது என்று முதலாளி ஆ லியோங்கிடம் சொன்னார். ஆளை வரவழைத்துச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை.

"மெசின் ஓகே லா, உடையா. கெட்டுப் போயி ரோசாக் ஆனது உன் கண்ணு" என்றார் ஆ லியோங்.

சிரித்துக்கொண்டே சொன்னது உண்மையாகிவிட்டது. கண் மருத்துவமனையில் டாக்டர் மாதுமை படம் எடுத்துக் காட்டினார். கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரை வீங்கியிருந்தது. மாதம் ஓர் ஊசி என்று ஆறு மாதம் போட்டும் வீக்கம் வற்றவில்லை. அதன் பிறகுதான் ஸ்டீராய்டு மருந்தால் செய்த சிறு குச்சியைப் பற்றி டாக்டர் சொன்னார். ஊசி வழியாகக் கண்ணுக்குள் வைத்துவிட்டால், அது பல மாதங்களில் தானே கரைந்து கொஞ்சங் கொஞ்சமாக மருந்தைக் கொடுக்கும்.

வைப்பதற்கு முன் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கிள், முன்ன வேற ஊர்ல இந்தக் கண்ணுக்குப் புரை ஆபரேசன் செஞ்சீங்களே, அதுல ஏதாச்சும் பிரச்சனை வந்துச்சா?"

"ஒன்னும் இல்ல டாக்டர். எல்லாம் ஓகே லா."

இதைப் பொய் என்று சொல்லிவிடலாம். ஆனால் பொய்க்கு ஒரு நோக்கம் வேண்டும். உடையப்பனிடம் நோக்கம் எதுவும் இருக்கவில்லை. அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை பெரட்டு எடுப்பார்கள். வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரம் அது. உடம்புக்கு முடியவில்லை என்று வாய் திறந்தவனுக்கு அன்றைய பெயர் விழாது, கூலியும் கிடையாது. அவருடைய அப்பா பிச்சைமுத்து காய்ச்சலோடு நின்றுகொண்டே "நல்லா இருக்கேங்கய்யா" என்று சொல்வதை ஏழு வயதில் கேட்டிருக்கிறார். அந்தத் தோட்டம் அழிந்து முப்பது வருடமாகிறது. கேட்பவர் யாராக இருந்தாலும், கேள்வி முடியும் முன்பே அந்தப் பதில் உடையப்பனின் வாயில் வந்து நிற்கும். இதைப் பொறுமை என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

குச்சி வேலை செய்தது. ஆறு வாரத்தில் சாலையின் வெள்ளைக்கோடு நேரானது. பார்வை திரும்பினால் உருண்டு வருவதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். கோயில் மட்டும் ஒரு மூலையில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவில் ஈரச் சிமெண்டுத் தரையில் மூன்று சுற்று உருண்டார். முத்தம்மா குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே பின்னால் நடந்தார்.

திங்கட்கிழமை குச்சி தெரிந்தது. செவ்வாய் மதியம், "யாரு லா கடைக்குள்ள புகை போடுறது?" என்று உடையப்பன் சத்தம் போட்டார். புகை எங்கும் இல்லை. ஆ லியோங் அருகில் வந்து அவர் கண்ணைப் பார்த்தார். கருவிழி பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. "ஐயோ!" என்று பின்வாங்கியவர், தன் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் மாதுமை கருவி வழியாகப் பார்த்தார். "உள்ளே வச்ச மருந்து கண்ணோட முன்பக்கம் வந்து கருவிழியில உரசுது. எப்போலேர்ந்து அங்கிள்?"

"நேத்து காலையில."

"நேத்திலேர்ந்தா? ஏன் வரல?"

அதற்குள், ஆ லியோங் போனில் சொன்னதைக் கேட்டு, வீட்டு இழுப்பறையிலிருந்த மருத்துவக் காகிதங்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் வாரிக்கொண்டு முத்தம்மா ஓடிவந்தார். "ஆத்தாளுக்கு ஏதும் குறை வச்சிட்டோமா டாக்டர்? உருண்டிருக்கக் கூடாதா?"

"உருண்டது தள்ளிவிட்டிருக்கலாம் ஆன்ட்டி. ஆனா வழி இல்லாம அது முன்னால வராதே." பேசியபடியே பையைத் துழாவிய டாக்டரின் கை, ஒரு நீல அட்டையில் நின்றது. பழைய புரை ஆபரேசன் அட்டை. உள்ளே சிவப்பு மையில் இரண்டு வரிகள். லென்சுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு ஓரத்தில் கிழிந்துவிட்டது, இனி எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் இதைக் காட்ட வேண்டும்.

"நான் கேட்டேனே அங்கிள்" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. "கிழிசல் கண் பாப்பாவோட ஓரத்துக்குப் பின்னால மறைஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா இந்த மருந்தை வச்சிருக்கவே மாட்டேன்."

முத்தம்மா அட்டையைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். சாமி மேசை இழுப்பறையில் ஆறு வருடமாக அந்த அட்டையின் மேல்தான் முத்தம்மா கற்பூர டப்பாவை வைத்திருந்தார்.

அன்று மாலையே குச்சியை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதனைக்குப் போனபோது வெண்மை பாதி வடிந்திருந்தது. மீதி வடியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். விழித்திரை வீக்கத்துக்கு மறுபடி ஊசியிலிருந்தே தொடங்க வேண்டும்.

"இப்ப வலி இருக்கா அங்கிள்?"

"ஒன்னும் இ..." உடையப்பன் நிறுத்தினார். "இருக்கு டாக்டர். ராத்திரியில குத்துது."

"வேற?"

"கால் விரல் மரத்துப் போயி ரெண்டு வருசமாச்சு. சர்க்கரை மாத்திரை தலை சுத்துதுன்னு காலையில போடுறதில்ல."

"என்னது!" என்றார் முத்தம்மா. "தினம் என் கண்ணு முன்னாலதானே தண்ணி குடிச்சீங்க?"

"தண்ணி மட்டும் குடிச்சேன்."

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். "வேற ஏதாச்சும்?"

உடையப்பன் தரையைப் பார்த்தார்.

"இடது கண்ணு ஒரே நாள்ல போகல டாக்டர். ஒரு வருசம் மங்கிக்கிட்டே வந்துச்சு. எனக்குத் தெரியும். யாருகிட்டயும் சொல்லல."

டாக்டரின் பேனா நின்றது. முப்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்த முத்தம்மா, கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மெதுவாக நாற்காலியில் வைத்துவிட்டு, அவரிடமிருந்து ஓரடி தள்ளி நின்று, முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.