சூடம் அணைத்த ஆயில்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஆகாது. கச்சிராயபாளையம் சாலையில் நானும் வீட்டுக்காரரும் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறோம். கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. என்னைவிட எங்கள் பூனைதான் அதில் அதிகம் உட்கார்ந்திருக்கும். "கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவ" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆயில் விஷயம் கிளம்பிய பிறகு அந்தக் கேலியும் நின்றுபோயிற்று.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் லோடு ஆட்டோக்காரர் ஒருவர் எங்கள் பழைய வாடிக்கை. எங்களிடம் ஆயில் வாங்கி மாற்றிய கொஞ்ச நாளிலேயே, மலை ஏறும்போது அவர் வண்டியின் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நானும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவரோ குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மெக்கானிக்கு ஆயில்தான் சரியில்லன்றாருங்க. நான் காசு கேட்டு வர்ல. நல்ல ஆயில்தான்னு மாரியம்மன் கோயில்ல சூடம் அணைச்சிடுங்க. எம் வண்டி மேலதான் தப்புன்னு போயிடறேன்."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. சாமி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் சொன்னது சத்தியம். வீட்டுக்காரருக்கோ மூக்கு மேல் கோபம். "சீல் பிரிக்காம வாங்கறேன், சீல் பிரிக்காம விக்கறேன். எனக்கு இன்னா பயம்?" என்று எதிர்ச்சாரிக் கோயிலுக்கு விறுவிறுவென்று நடந்தார், சூடத்தை ஏற்றினார், ஒரே அடியில் அணைத்தார். லோடு ஆட்டோக்காரர் சாமியைக் கும்பிட்டுவிட்டு, இன்ஜின் வேலை முடிந்ததும் ஊற்றுவதற்கு அதே ஆயிலில் இன்னொரு டப்பா வாங்கிக்கொண்டு போனார்.

அவர் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அந்த இன்னொரு டப்பாதான் என்னைப் போட்டு ஆட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? லேபிளைப் படித்திருக்கிறோம், அவ்வளவுதானே! ஒரு டப்பாவைப் பிரித்து விரலில் தொட்டு உரசிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது. எண்ணெய் வழவழக்காமல் வேறென்ன செய்யும்?

பணம் கட்டினால் யார் கொண்டுபோனாலும் ஆயிலைச் சோதித்துச் சொல்கிற தனியார் ஆய்வுக்கூடம் சென்னையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் எகிறினார்.

"வேலில போற ஓணான எடுத்து வேட்டில வுட்டுக்கறியே!"

"வேட்டி உங்களுது. நீங்கதான் ஒதறிக்கணும்" என்று சொல்லிவிட்டு, சீல் உடையாத இரண்டு டப்பாக்களைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆய்வுக்கூடத்தில் எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று கேட்டார்கள். எந்தக் கம்பெனியும் இல்லை, இதை விற்கிறவள் என்றேன். அங்கிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை இன்னொரு முறை பார்த்தார்.

முடிவு வரும்வரை நான் பட்ட பாடு நாய் படாது. அலமாரியிலிருந்து அந்த டப்பாக்களை இறக்கி உள்ளே வைப்பேன். வீட்டுக்காரர் மறுபடி வெளியே எடுத்து அடுக்குவார். கேட்டு வருகிறவர்களிடம் "ஸ்டாக் இல்லீங்க" என்பேன். அவர் பின்னாலிருந்து "இருக்குது இருக்குது" என்பார். லோடு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தால் மலையில் சிக்னல் கிடைக்காது. இன்ஜின் வேலை முடிந்திருக்குமா, ஆயிலை ஊற்றியிருப்பாரா என்று அதே நினைப்பு.

ஒரு காலையில் முடிவு போனுக்கு வந்தது. புரியாமல் அவர்களையே கூப்பிட்டுக் கேட்டேன். லேபிளில் போட்ட ரகம் வேறு, உள்ளே இருப்பது வேறு என்றார்கள். சூடேறினால் தண்ணீராக இளகிவிடுமாம். இன்ஜின் தேயாமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்து பேருக்குக்கூட இல்லையாம்.

வீட்டுக்காரர் சூடம் அணைத்த கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்போது போய்விட்டது. அவர் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டார். லோடு ஆட்டோக்காரரைத் தேடி மலைக்குக் கிளம்பினோம். வேறு கம்பெனி ஆயிலில் ஒரு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் அவர் பின்னால் உட்கார்ந்தேன். கோமுகி அணை தாண்டி ஒவ்வொரு வளைவிலும், எதிரே வந்த ஒவ்வொரு வண்டியையும் அந்த லோடு ஆட்டோவோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

வெள்ளிமலைக்கு அப்பால் லோடு ஆட்டோக்காரர் வீட்டு வாசலிலேயே வண்டி நின்றது. கிழங்கு மூட்டை ஏற்றி முடித்து அப்போதுதான் இன்ஜினைக் கிளப்பியிருந்தார்.

"நிறுத்துங்க! அந்த ஆயிலு போலிங்க!" என்று இறங்குவதற்கு முன்பே கத்தினேன்.

இன்ஜினை அணைத்தார். "நேத்துதாங்க ஊத்தினேன்" என்றவர், வீட்டுக்காரரைப் பார்த்தார். "சூடம் அணைச்சீங்களேங்க."

"தெரியாம அணைச்சிட்டேன்யா. சென்னைக்கு அனுப்பிச் சோதிச்சப்பறந்தான் தெரிஞ்சிது" என்றார் வீட்டுக்காரர். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

லோடு ஆட்டோக்காரர் வண்டிக்கு அடியில் படுத்து, போல்ட்டைக் கழற்றி ஆயில் முழுவதையும் ஒரு சட்டியில் வடித்தார். நான் அவசரமாகப் புது டப்பாவை நீட்டினேன். நல்ல கம்பெனிங்க, காசு வேணாங்க என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத அனுப்பிப் பாத்தீங்களாம்மா?"

வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் போனார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இல்லீங்க" என்றேன்.

டப்பாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "பாத்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்."

கிழங்கு அதுவரை தாங்காது. வேறு வண்டிக்கு மாற்ற அவர் முதல் மூட்டையை இறக்கினார். வீட்டுக்காரர் போய்த் தோள் கொடுத்தார். நான் அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடையில் இன்னும் எத்தனை ரகம் அடுக்கி வைத்திருக்கிறோம் என்று நினைத்ததும் பயமாக இருந்தது.