அம்மா விட்டுட்டுப் போன கோழிங்க

போன ஆவணியில எங்கம்மா செத்துப்போச்சு. நான் ஜெபம் பண்ணேன், அப்படியும் செத்துப்போச்சு. அத மறச்சிட்டு இந்த சபை முன்னாடி நின்னு சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது.

குன்னத்துக்குப் பக்கத்துல எங்க வூடு. அம்மா எனக்குன்னு விட்டுட்டுப் போனது முப்பது நாட்டுக்கோழி. ஐப்பசி மழையில அதுங்களுக்கும் சீக்கு வந்துச்சு. கழுத்துக்குக் கீழ தீனிப்பை பலூனாட்டம் தொளதொளன்னு வீங்கிடும். தூக்கினா வாயிலேந்து புளிச்ச தண்ணி கொட்டும். தினம் ஒண்ணு செத்துச்சு. வூட்டப் புடிச்ச தரித்திரம் இன்னும் போவல, இருக்கிறத வித்துத் தொலைன்னாரு பெரியப்பா. முடியாதுன்னுட்டேன்.

அன்னைக்கு ஜெபத்துக்கு நான் முட்டி போடல. கோழிக் கொட்டாயில நின்னுட்டே சொன்னேன்: "ஆண்டவரே, அம்மாவ எடுத்துக்கிட்டீங்க. இதுங்கள குடுக்க மாட்டேன்."

ஞாயித்துக்கெழம, சீக்கு முத்துன ஒரு கோழிய ஒயர் கூடையில வச்சு சபைக்குத் தூக்கிட்டுப் போனேன். அறுப்புப் பண்டிகைக்கு சோளம், வெங்காயம்லாம் முன்னாடி கொண்டாந்து வைப்போமே, அதே எடத்துல வச்சேன். "என்னா பாப்பா, இன்னைக்கு பிரியாணியா"ன்னு சிரிச்சாங்க. சிரிச்சவங்க இங்கயும் இருக்கீங்க. பாஸ்டர் மட்டும் அது மேல கை வச்சு ஜெபிச்சாரு.

ஆராதன முடிஞ்சதும் ஒரு அக்கா கிட்ட வந்தாங்க. ஜெயங்கொண்டத்துக்காரவங்க, தங்கச்சி வூட்டுக்கு வந்திருந்தாங்க. மாட்டாஸ்பத்திரியில வேல பாத்தவங்களாம். கோழி வாயப் பொளந்து பாத்தாங்க. உள்ள தயிர் ஒட்டினாப்ல வெள்ள வெள்ளயா இருந்துச்சு. மோந்தும் பாத்தாங்க.

"தண்ணியில என்னா கலக்குற?"

"மருந்துக்கடயில விக்கிற கிருமி கொல்ற பவுடரும் சக்கரயும்க்கா. சீக்கு வந்தா அம்மா குடுக்கும். ஒண்ணுகூட சாவக்கூடாதுன்னு நான் தினமும் குடுக்குறேன்."

"எத்தன நாளா?"

"அம்மா போனதுலேந்து."

"இது பூஞ்சக் காளான் பாப்பா. அத அடக்கி வைக்கிற நல்ல கிருமியயும் உன் பவுடரு கொன்னுடும். சக்கர அதுக்குத் தீனி. ரெண்டையும் நிறுத்து."

மறுநாள் அவங்களே பெரம்பலூர் மாட்டு டாக்டருகிட்ட அழச்சிட்டுப் போனாங்க. மருந்து குடுத்தாரு. வழவழன்னு கெடந்த தண்ணி டப்பாவெல்லாம் தேச்சுக் கழுவுனேன். பூஞ்ச பூத்துப்போன தீனிச் சோளத்தக் கொட்டுனேன். பதினொண்ணு பொழச்சுது. கூடையில தூக்கிட்டுப் போன கோழி பொழைக்கல. சாட்சின்னா அதையும் சொல்லணும்.

எங்க வூட்ல தரித்திரம் இல்ல. பெரியப்பா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். தெரியாம நான்தான் கொன்னேன், தெரியவச்சது ஆண்டவரு. அந்த அக்காவ அனுப்புனது அவருதான், யாரு சிரிச்சாலும் சொல்லுவேன்.

அம்மாவுக்காகப் பண்ண ஜெபத்த ஏன் கேக்கலன்னு இன்னும் அவருகிட்ட கேட்டுட்டுதான் இருக்கேன். பதில் வர்ற வரைக்கும் நான் வுட மாட்டேன். உங்கள்ல யாருக்காச்சும் அவரு மேல கோவம் இருந்தா, ஆறட்டும்னு வூட்லயே ஒக்காந்திருக்காதீங்க. கோவத்தோடயே வாங்க. நான் அப்படித்தான் வந்தேன். அவரு என்னயத் தொரத்தல.