கீறல் படாத ராஜாக்கள்

தியேட்டரில் டிக்கட் கொடுக்கிறவளுக்குப் படத்தின் சத்தம் மட்டும்தான் சொந்தம். படம் எப்படி என்பதை வெளியே வருகிற முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஹட்டனில் என் வீட்டுக்காரர் நடத்தும் தியேட்டரில் பெண்கள் பக்கத்து ஜன்னல் என் பொறுப்பு. கான்வென்டில் படித்துவிட்டு அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவளுக்கு, வெளியே வந்து உட்கார வாய்த்த ஒரே இடம் அது. ராஜா கதைப் படம் பார்த்துத் தலைவலியோடு வீடு திரும்பிய சகோதரிகளே, நீங்கள் பட்டதையெல்லாம் நானும் பட்டேன்.

நாற்பது குதிரை

நோட்டீஸில் நாற்பது குதிரை என்று போட்டிருந்தால் என் வீட்டுக்காரருக்குப் போதும், கதை என்ன என்று கேட்கமாட்டார். அந்த வருஷம் முழுக்கக் குதிரையும் கோட்டையுமாகவே கொண்டுவந்தார். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் பக்கம் பாதி பெஞ்சு காலி. தீபாவளிக்குப் பிறகும் இப்படியே இருந்தால் நடுவிலுள்ள தட்டியைப் பிடுங்கிவிட்டு முழு இடத்தையும் ஆண்களுக்கே விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அப்புறம் எனக்கு ஜன்னல் ஏது? மறுபடி பருப்பும் நானும்தான்.

ஏன் வருவதில்லை என்று பெண்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கேட்டேன். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற மருதாயிதான் வாய் திறந்தாள். அவள் புருஷன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன்.

"எங்க வீட்டுக்காரரு செடிய வெட்டிட்டு வந்தாலே கையில நாலு கீறலு இருக்குங்கம்மா. இந்த ராசா அம்புட்டுப் பேர வெட்டுறாரு, ஒரு கீறலக் காணோமே?"

காப்புக் கட்டாத ராணி

அடுத்த படத்தில் ராஜா செத்துப்போனார். ராணி அழுதாள், தலையில் வைத்த பூ ஒன்றுகூடக் கசங்கவில்லை. படம் விட்டதும் மூன்று பெண்கள் நேரே என் ஜன்னலுக்கு வந்து, ராணி வேஷம் கட்டினவள் காப்புக் கட்டினாளா என்று கேட்டார்கள். தோட்டத்தில் காமன் கூத்துக்கு வேஷம் கட்டுகிறவன் கையில் காப்புக் கட்டி, கறி மீன் தொடாமல் விரதம் இருந்துதானே ஆடுகிறான்? சினிமாவுக்கும் அதே முறைதான் என்று நினைத்திருக்கிறார்கள்.

அதெல்லாம் கிடையாது, இது வெறும் நடிப்பு என்று படித்த தோரணையில் விளக்கினேன். மூவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் சொன்னாள்:

"வெரதம் இல்லாம அழுதா இப்புடித்தாங்க இருக்கும்."

சேலைக் கரை

குதிரைப் படத்துக்கு ஆதரவே இல்லை என்று சொன்னால் பொய். நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் துணிக்கடை முஸ்லிம் முதலாளி ஒரே படத்துக்கு மூன்று தடவை வந்தார். கதை அவ்வளவு பிடித்துவிட்டதா என்று கேட்டேன். கடையில் ராணி கட்டின சேலையைத்தான் கேட்கிறார்களாம்.

"கதையப் பார்க்க எங்கம்மா நேரம்? சேலைக் கரையப் பார்த்து முடிக்கவே மூணு ஆட்டம் வேணும்."

தீபாவளி மாட்டினி

தீபாவளிக்கு, மகனைப் போருக்கு அனுப்பிய ஒரு தாயின் கதை கிடைக்கும் என்று ஏஜண்ட் சொன்னார். அதையே எடுங்கள் என்று மூன்று நாள் நச்சரித்தேன். என் வீட்டுக்காரர் கடற்போர்ப் படத்தைக் கொண்டுவந்தார், இருபது கப்பலோடு. பண்டிகை நாள் என்பதால் பெண்கள் பக்கமும் நிறைந்துவிட்டது. ஆனாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு வந்தவர்கள் நாளைக்கு வரவேண்டுமே.

பாதிப் படத்தில் பெண்கள் கும்பலாக எழுந்து வெளியே வந்தார்கள். போச்சு, ஜன்னலுக்குப் பூட்டுத்தான் என்று நினைத்தேன். முன்னால் வந்த மருதாயி சொன்னாள், "பொண்டாட்டி தாலிய அறுத்தாச்சு. புருசன் கப்பலுக்குக் கப்பல் தாவுறாருங்கம்மா."

ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். தீபாவளி மயக்கத்தில் மனுஷன் ஒன்பதாம் ரீலை ஓட்டி முடித்துவிட்டு ஏழாம் ரீலை ஓட்டிக்கொண்டிருந்தார். படத்தை நிறுத்தினால் ஆண்கள் பக்கம் ஒரே கூச்சல்; நன்றாகத்தானே போகிறது, ஏன் நிறுத்தினீர்கள் என்று. அந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கும் செத்தவர் எழுந்தது தெரியவில்லை. கதவோரம் நின்று முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து தியேட்டர் காலியானதும் அவர் அந்தத் தட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இது இருக்கட்டும். ரீல் மாறினா சொல்றதுக்கு ஆள் வேணும்ல."

ஆகவே சகோதரிகளே, பெண்கள் பக்கம் பிழைத்துவிட்டது. நம் ரசனைக்கு மரியாதை கிடைத்துவிட்டதென்று மட்டும் யாரும் அவசரப்பட்டுப் பூரித்துப்போக வேண்டாம்.